பம்ப்பைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி

நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல பழுதான பம்ப்பை வெச்சு யாரும் நமக்குப் பாடம் எடுத்ததில்ல. அங்கே பம்ப் பழுதாகாதுன்னு இல்ல. ஆனா ஆன உடனே அதுமேல 'நாட் வொர்க்கிங்'னு ஒரு பேப்பர் ஒட்டிடுவாங்க, நாம பக்கத்து ரிக்குக்குப் போயிடுவோம். அப்புறம் வழக்கம்போல வால்வைக் கொஞ்சம் கொஞ்சமா திறந்து, கேஜைப் படிச்சு, டேபிள் போட்டு, கிராஃப் வரைஞ்சு, சீனியர் ரெக்கார்டோட ஒத்துப் பார்த்து முடிச்சிடுவோம். பேப்பர் ஒட்டின அந்தப் பம்ப் இருக்கே, அந்த ரூம்லயே நமக்கு அதிகமா சொல்லித்தரக்கூடிய மெஷின் அதுதான்னு நான் நினைக்கிறேன்.

இதை விளக்க நான் எடுத்துக்கப் போற உதாரணம் கொஞ்சம் நாத்தம் பிடிச்சது. படகுல இருக்கிற கழிவறைத் தொட்டியும், அதைக் காலி பண்ற பம்ப்பும். கேன்டீன்ல சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க முடிச்சிட்டு வாங்க, அவசரம் இல்ல.

படகுக்கு எதுக்குத் தொட்டி, கீழேதான் கடல் இருக்கேன்னு கேட்கலாம். ரொம்ப காலம் எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. இப்போ பெரிய கப்பல்களுக்கு மார்போல் ஒப்பந்தத்தோட 4-வது இணைப்பு இருக்கு. 2003-ல நடைமுறைக்கு வந்தது. அரைச்சு, கிருமி நீக்கின கழிவைக்கூட கரையில இருந்து 3 கடல் மைல் தாண்டித்தான் விடலாம். அப்படியே விடணும்னா 12 கடல் மைல் தாண்டணும். தொட்டியில தேக்கினதை ஒரேயடியா கொட்டவும் கூடாது, கப்பல் குறைஞ்சது 4 நாட் வேகத்துல ஓடிக்கிட்டே நிதானமா விடணும். சின்னப் படகுகளுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம். அமெரிக்காவுல கரையில இருந்து 3 கடல் மைலுக்குள்ள சுத்திகரிக்காத கழிவை விடுறது குற்றம். அதனால பயணம் முழுக்கத் தேக்கி வைக்க ஒரு தொட்டி, கரைக்கு வந்ததும் வெளியே எடுக்க ஒரு பம்ப்.

சட்டம் பேப்பர்ல இருக்கு. தண்ணியில அதைக் காப்பாத்துறது அந்தப் பம்ப்தான். தொட்டி நிறைஞ்சிடுச்சு, பம்ப் ஓடல, படகுல ஆறு பேர் இருக்காங்கன்னா படகுக்காரர் என்ன பண்ணுவார்? டாய்லெட்டைத் தொட்டிக்குப் போக விடாம நேரா தண்ணிக்குத் திருப்பி விடுற ஒரு வால்வ் பல படகுகள்ல இருக்கு. அதைத் திருப்ப ரெண்டு விநாடி போதும். ராத்திரியில யாரும் பார்க்கப் போறதில்ல. வேம்பநாட்டுக் காயல் 2002-லயே ராம்சார் பட்டியல்ல சேர்ந்த இடம். அது மேலதான் அத்தனை ஹவுஸ்போட்டும் மிதக்குது. அதே தண்ணியிலதான் வலை போடுறாங்க, துணி துவைக்கிறாங்க, குளிக்கிறாங்க. அங்கே ஒரு பம்ப் ஓடாததை ஒரு படகோட சொந்தப் பிரச்சினைன்னு விட்டுட முடியாது.

சரி, பம்ப்புக்கு வருவோம். இந்த வேலைக்கு ரெண்டு வகை அதிகமா பயன்படுது. ஒண்ணு மாசரேட்டர். பேருதான் பெருசு, விஷயம் மிக்ஸிதான். முன்னாடி பிளேடு அரைக்கும், பின்னாடி ரப்பர் இம்பெல்லர் தள்ளும். 12 வோல்ட்ல 10 ஆம்பியருக்கு மேல எடுக்கும். தண்ணி இல்லாம ஓட விட்டா அந்த ரப்பர் சீக்கிரமே கருகிடும், ஏன்னா அதுக்கு லூப்ரிகன்ட்டே அந்தத் தண்ணிதான். இன்னொண்ணு டயாஃப்ராம் பம்ப். ஒரு ரப்பர் தட்டு மேலயும் கீழயும் போய் வரும். உள்ளே வர்ற வழியில ஒரு ஒருவழி வால்வ், வெளியே போற வழியில ஒண்ணு. அந்த வால்வ் பார்க்க வாத்து மூக்கு மாதிரியே இருக்கும், பேரும் டக்பில்தான். ஒரு பக்கம் இருந்து தள்ளினா வாய் திறக்கும், மறுபக்கம் இருந்து தள்ளினா மூடிக்கும். ஒரு பட்ஸ் குச்சி குறுக்கே மாட்டினாப் போதும், அந்த வாய் முழுசா மூடாது. பம்ப் முன்னாடி தள்ளினதைப் பின்னாடி வாங்கிக்கிட்டே கடமையா உழைச்சுக்கிட்டு இருக்கும்.

இதுல நாம பரீட்சையில எழுதிட்டு மறந்துபோன ஒரு சமாச்சாரம் இருக்கு. பம்ப் எதையும் இழுக்காது. தனக்கு முன்னாடி அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். தொட்டிக்குள்ள திரவத்துக்கு மேல நிக்கிற காத்துதான் அதைப் பம்ப்பை நோக்கித் தள்ளுது. வளிமண்டலத்தால தண்ணியை அதிகபட்சம் 10.3 மீட்டர் உயரத்துக்குத் தள்ள முடியும்னு மனப்பாடம் பண்ணினோமே, அது இதேதான். ஆனா காத்து தள்ளணும்னா முதல்ல உள்ளே வரணும். அதுக்காகத்தான் தொட்டி மேல இருந்து படகோட வெளிப்பக்கத்துக்கு ஒரு சின்னக் குழாய் போகும். அதுக்குப் பேர் வென்ட்.

இது புரிய டிகிரி வேண்டாம். வீட்டுல 15 கிலோ எண்ணெய் டின்னை உடைக்கும்போது பாட்டி என்ன பண்ணுவாங்க? ஒரு மூலையில ஓட்டை போட்டுட்டு, எதிர் மூலையில இன்னொரு ஓட்டை போடுவாங்க. முதல் ஓட்டை எண்ணெய்க்கு, ரெண்டாவது காத்துக்கு. அந்த ரெண்டாவது ஓட்டை இல்லன்னா எண்ணெய் களக் களக்னு விட்டு விட்டு வரும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 லிட்டர் தொட்டி, அதுல 70 லிட்டர் கழிவு, மேல 10 லிட்டர் காத்து. வென்ட் முழுசா அடைச்சிருக்கு. தொட்டிச் சுவர் வளையாதுன்னு வெச்சுக்குவோம். பம்ப் 3 லிட்டரை வெளியே தள்ளிடுச்சுன்னா 10 லிட்டர் காத்து 13 லிட்டர் இடத்துல பரவணும். பாயில் விதிப்படி அழுத்தம் 10/13, அதாவது சுமார் 0.77 மடங்கு. கிட்டத்தட்ட கால்வாசி போயிடுச்சு. தண்ணிக் கணக்குல சொன்னா பம்ப்புக்கு 2.4 மீட்டர் கூடுதல் உயரம் வெச்ச மாதிரி. சின்னப் பம்ப் அங்கேயே திணறி நின்னுடும். நிக்காம இழுக்கிற பலமான பம்ப்பா இருந்தா இன்னும் மோசம். 60 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர்னு ஒரு பக்கச் சுவர் இருந்தா, உள்ளே வெறும் 0.1 பார் குறைஞ்சாலே அந்தச் சுவர் மேல வெளிக்காத்து 240 கிலோ எடை வெச்ச மாதிரி அமுக்கும். பிளாஸ்டிக் தொட்டி உள்வாங்கி, மூலையில விரிசல் விடும். அந்த விரிசல் வழியா என்ன வெளியே வரும்னு நான் எழுதத் தேவையில்ல.

இந்தக் கணக்கை நான் முதல்ல போட்டது கிளாஸ்ல இல்ல. மூணாவது வருஷ லீவுல கொச்சியில ஒரு படகு ஒர்க்‌ஷாப்புல நாலு வாரம் இன்டர்ன்ஷிப். பேர் வேண்டாம். அங்கே ஒரு வெளிநாட்டுப் பாய்மரப் படகு வந்து நின்னுச்சு. தொட்டிப் பம்ப் மோட்டார் நல்லா ஓடுது, ஆனா கொஞ்சம் தள்ளிட்டு நின்னுடுது. துறையில இருந்த சேகரிப்புத் தொட்டிக்கு ஹோஸ் போட்டுத்தான் வேலை நடந்துச்சு. என்ஜினியர் வந்தார், ஹோஸ் முனையைப் பார்த்தார், 'டயாஃப்ராம் போயிடுச்சு'ன்னார். கிட் வாங்கி மாத்தினாங்க. கொஞ்சம் வந்துச்சு, நின்னுடுச்சு. 'அப்போ பம்ப்பே போயிடுச்சு'ன்னார். புதுப் பம்ப் வந்துச்சு. அதுவும் கொஞ்சம் தள்ளிட்டு நின்னுடுச்சு.

இந்த ரெண்டு தடவையும் பம்ப்பைக் கழட்டினது என்ஜினியர் இல்ல. என் வயசுகூட ஆகாத ஒரு ஹெல்ப்பர் பையன். அந்தப் பம்ப் படுக்கைக்கு அடியில ஒரு பொந்துல இருந்துச்சு. தலையையும் ஒரு தோளையும் உள்ளே விட்டாத்தான் கை எட்டும். ஹோஸைக் கழட்டின உடனே குழாயில நிக்கிறது எல்லாம் கையில, சட்டையில, ஒரு தடவை முகத்துல. கிளவுஸ் கேட்டான். 'ஸ்டோர்ல பாரு'ன்னாங்க. ஸ்டோர்ல இல்ல.

சாயங்காலமா குளச்சல் பக்கத்து அண்ணன் ஒருத்தர் வந்தார். மீன்பிடிப் படகுகள்ல வருஷக்கணக்கா வேலை பார்த்தவர், என்ஜின் மெக்கானிக். தொழில் அதுக்காகவே கொச்சியில வந்து இருக்கிறவர். அவர் பம்ப்பைத் தொடவே இல்ல. "ஒருக்கா போடு"ன்னார். கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் என்கிட்ட ஒரு கேள்வி: "கொஞ்ச நேரம் விட்டுட்டுப் போட்டா மறுபடி வருதா மக்கா?" வருது அண்ணே, கொஞ்சமா வருதுன்னேன். "அப்போ அதுக்க மேல குத்தம் இல்ல டே. அதுக்க மூக்க யாரோ பொத்தி வெச்சிருக்கான்"னார்.

மேல்தளத்துக்குப் போய், தொட்டியைக் கரையில இருந்து உறிஞ்சி எடுக்க வெச்சிருக்கிற மூடியை மெதுவா, கால் சுத்து கால் சுத்தா, முகத்தைத் தள்ளி வெச்சுக்கிட்டுத் திருகினார். மெதுவா ஏன்னா, வென்ட் அடைச்ச தொட்டிக்குள்ள அழுத்தம் ஏறியிருந்தா அது மேல பீச்சி அடிக்கும். அன்னைக்கு ஏறியிருக்கல, இறங்கியிருந்துச்சு. உஸ்ஸுனு காத்து உள்ளே போற சத்தம் எனக்கே கேட்டுச்சு. பம்ப்பைப் போடச் சொன்னார். நிக்காம ஓடி தொட்டி காலியாச்சு. வெளிப்பக்கத்துல வென்ட் முனையைப் பார்த்தா, குளவி மண் வெச்சுக் கூடு கட்டியிருக்கு. ஒரு கம்பி, ஒரு வாளித் தண்ணி, பத்து நிமிஷம். ஒரு போல்ட்கூடக் கழட்டல.

விட்டு விட்டு வந்துச்சு பாருங்க, அதுதான் துப்பு. டயாஃப்ராம் கிழிஞ்சிருந்தா முதல் தள்ளுலயே வராது. முதல்ல நல்லா வந்து, போகப் போகக் குறைஞ்சு, கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தா மறுபடி வருதுன்னா, எங்கேயோ சின்ன இடுக்கு வழியா காத்து மெல்ல உள்ளே கசிஞ்சு அழுத்தம் தேறுதுன்னு அர்த்தம். அந்தத் துப்பு காலையில இருந்தே எல்லார் காதுலயும் விழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்ட விஷயம், 'அனுபவசாலிக்குத் தெரியும், படிச்சவனுக்குத் தெரியாது'ங்கிற வழக்கமான வாட்ஸ்அப் கதை இல்ல. அந்தக் கதை எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. அண்ணன் பண்ணினது மந்திரம் கிடையாது, நாம படிச்ச அதே ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்தான். வித்தியாசம் வரிசையில. எந்தச் சோதனைக்குச் செலவு கம்மியோ, எதுல யார் கையும் அழுக்காகாதோ, அதை முதல்ல செஞ்சார். என்ஜினியர் வரிசையைத் தலைகீழா வெச்சார். இந்த மெஷின்ல வரிசை தலைகீழானா அதோட விலையைக் கொடுக்கிறது வரிசை போட்டவர் இல்ல. பொந்துக்குள்ள தலையை விட்ட பையன்.

அந்த வரிசை ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல. ஸ்விட்சைப் போட்டா சத்தமே இல்லன்னா பம்ப் கிட்டயே போகாதீங்க. பிரேக்கர், ஃபியூஸ், ஸ்விட்ச். மல்டிமீட்டரைப் பேட்டரியில வெச்சு 12.6 இருக்குன்னு திருப்திப்படுறதுல பிரயோஜனம் இல்ல. பம்ப்போட டெர்மினல்ல, பம்ப் ஓடும்போது பார்க்கணும். கடல் காத்துல பச்சை பூத்த ஒரு கனெக்டர் போதும், 10 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே ரெண்டு வோல்ட் காணாமப் போகும். முனகுது, ஆனா சுத்தலன்னா உள்ளே ஏதோ சிக்கியிருக்கு. உடனே ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா வைண்டிங் போயிடும். சுத்துது, ஒண்ணும் நகரலன்னா, வெளியேத்துற பக்கம் வால்வ் திறந்திருக்கான்னு முதல்ல பாருங்க. சிரிக்காதீங்க, மூடின வால்வுக்கு எதிரா மாசரேட்டரை ஓட்டி ஹோஸ் பிதுங்கின கதை நிறைய உண்டு. அப்புறம் வென்ட். அப்புறம் தொட்டி நிஜமாவே நிறைஞ்சிருக்கான்னும் பாருங்க. மிதவை மேல கழிவு படிஞ்சு ஒட்டிக்கிட்டா காலித் தொட்டியைக்கூட 'ஃபுல்'னு காட்டும். அப்போ பம்ப் பாவம், இல்லாததை எப்படித் தள்ளும்?

இதுக்கும் மேலதான் காத்து வாங்குற பிரச்சினை. ஊர்ல பம்ப்செட் வெச்சிருக்கிற எந்த விவசாயியும் இதைச் சொல்வார். தள்ளுற பக்கம் ஓட்டை இருந்தா தண்ணி ஒழுகிக் காட்டிக் கொடுக்கும். இழுக்கிற பக்கம் ஓட்டை இருந்தா பம்ப் ஓடும்போது ஒரு சொட்டு வெளியே வராது, காத்துதான் உள்ளே போகும். ஈரம் இல்லாத இடத்துல ஓட்டையைத் தேடணும். நம்ம லேப் ரெக்கார்டுல இந்த ஒரு வரி எங்கேயாவது இருக்கான்னு தேடிப் பாருங்க.

ஹோஸும் சும்மா இருக்காது. கடல் தண்ணியால ஃபிளஷ் பண்ற படகுகள்ல சிறுநீரும் கடல் உப்பும் சேர்ந்து சுவர்ல சுண்ணாம்பு மாதிரி கெட்டியாப் படியும். வருஷக்கணக்குல 38 மில்லிமீட்டர் ஹோஸ் உள்ளுக்குள்ள 25 ஆகிடும். வெளியே இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. டர்புலன்ட் ஃப்ளோவுல, அதே அளவு திரவம் போகணும்னா, உராய்வு இழப்பு விட்டத்தோட அஞ்சாம் அடுக்குக்கு எதிரா மாறும். 38-ஐ 25-ஆல வகுத்து அஞ்சாம் அடுக்கு எடுங்க: எட்டு மடங்கு. டார்சி வைஸ்பாக் ஃபார்முலாவுக்கு இப்படி ஒரு வாழ்க்கை இருக்குன்னு ரெண்டாவது வருஷத்துல யாராவது சொல்லியிருந்தா நான் அதை இன்னும் கொஞ்சம் மரியாதையா படிச்சிருப்பேன்.

இப்போ கொஞ்சம் சீரியஸான பகுதி. காத்து போகாத தொட்டிக்குள்ள ஆக்சிஜன் இல்லாம வாழுற பாக்டீரியா பெருகும். அதுங்க விடுறது ஹைட்ரஜன் சல்ஃபைடு, முட்டை அழுகின நாத்தம். 1 பிபிஎம்-க்குக் கீழேயே மூக்குக்குத் தெரிஞ்சிடும். ஆனா 100 பிபிஎம் பக்கம் போனா மூக்கே மரத்துப் போகும். 'நாத்தம் போயிடுச்சே'ன்னு நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். அதுக்கு மேல போனா சில மூச்சுல ஆளைச் சாய்ச்சிடும். காத்தை விடக் கனமானதால பள்ளத்துல போய்த் தேங்கும். படகுல பள்ளம் எங்கே இருக்கு? பம்ப் இருக்கிற அந்தப் பொந்துல. குளவி அடைச்ச அதே வென்ட்தான் பம்ப்பையும் நிறுத்துது, இந்தக் காத்தையும் வளர்க்குது. அப்புறம் தப்பான டயக்னோசிஸ் ஒரு பையனோட தலையைச் சரியா அதே இடத்துக்குள்ள அனுப்புது. அன்னைக்கு அவனுக்கு ஒண்ணும் ஆகல. 80 லிட்டர் தொட்டி, மேல ஜன்னல் திறந்திருந்துச்சு.

கரையில இதே கதை எப்படி முடியுதுன்னு நமக்குத் தெரியும், பேப்பர்ல படிக்கிறோம். கையால மலம் அள்ளுற வேலையையும், பாதுகாப்பு இல்லாம சாக்கடையிலயும் செப்டிக் டேங்கிலயும் ஆளை இறக்குறதையும் தடை பண்ணி 2013-ல சட்டம் வந்தது. அப்படி இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கணும்னு 2014-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமா உயர்த்திச்சு. பத்து வருஷம் கழிச்சும் அப்படி ஒரு தீர்ப்பு தேவைப்பட்டுச்சுன்னா சாவு நிக்கலன்னுதானே அர்த்தம்? மேன்ஹோலைச் சுத்தம் பண்ற பாண்டிகூட் ரோபோவைச் செஞ்ச ஜென்ரோபாட்டிக்ஸ் ஆட்கள், கேரளாவுல நம்ம மாதிரி இன்ஜினியரிங் மாணவர்களா இருந்து ஆரம்பிச்சவங்க. அது பெரிய வேலை. நான் கேட்கிறது அதுல நூத்துல ஒரு பங்கு: பிரிக்கிறதுக்கு முன்னாடி யோசிக்கிற பழக்கத்தை நமக்குச் சொல்லிக் கொடுங்க, அதுக்கு மார்க்கும் போடுங்க.

இதைச் சொன்னப்போ கிளாஸ்ல ரெண்டு பதில் வந்துச்சு. ஒண்ணு, "மச்சான், நாம டிசைன் என்ஜினியர்டா, ரிப்பேர் பண்றதுக்கு ஆள் இருக்காங்க." சரி, டிசைனுக்கே வருவோம். வென்ட் குழாய் தொட்டியில இருந்து கடைசி வரைக்கும் ஏறிக்கிட்டே போகணும். நடுவுல ஒரு இடத்துல தொங்கினா அந்தத் தொங்கல்ல திரவம் தேங்கி, குளவி இல்லாமலே அடைச்சுக்கும். பல படகுகள்ல அது தொங்கத்தான் செய்யுது. படுக்கைக்கு அடியில பம்ப்பை வெச்சதும் ஒரு டிசைன் என்ஜினியர்தான். ஸ்க்ரீன்ல அது கச்சிதமா உட்கார்ந்திருக்கும். அதைக் கழட்டப் போற கைக்கும் தலைக்கும் எவ்வளவு இடம் வேணும்னு கேட்கணும்னே தோணல, ஏன்னா அவர் ஒருநாளும் கழட்டினதில்ல. ஆள் இருக்காங்கதான். அந்த ஆள் யாரு, ஏன் எப்பவும் அதே ஆட்களாவே இருக்காங்கன்னு நாம கேட்கிறதில்ல.

ரெண்டாவது பதில் ஒரு புரொஃபசர் சொன்னது, அதுல நியாயம் இருக்கு. சுத்தமான ரிக் இல்லாம தியரியை எப்படி நிரூபிப்பேன்னு கேட்டார். ஒரே நேரத்துல நாலு விஷயம் மாறினா மாணவன் எதையும் கத்துக்க மாட்டான்னார். முதல் பத்து எக்ஸ்பெரிமென்ட் வரைக்கும் நான் முழுசா ஒத்துக்கிறேன். நான் கேட்கிறது பதினொண்ணாவது. அதுலயும் ஒரே ஒரு பழுதுதான் இருக்கணும், ஆனா அது எதுன்னு மாணவனுக்குத் தெரியக் கூடாது. ஐ.டி.க்குப் போகப் போறவங்களும் முகம் சுளிக்க வேண்டாம். ஓடாத கோடை முழுசா அழிச்சிட்டு மறுபடி எழுதுறவனுக்கும் புதுப் பம்ப் வாங்கினவருக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

வைவாவும் வேற மாதிரி இருக்கணும். 'சென்ட்ரிஃப்யூகல் பம்ப்போட பாகங்களைச் சொல்லு' வேண்டாம். ஒவ்வொரு மாணவனும் எதைச் சோதிச்சான், எதுக்கு அதை முதல்ல சோதிச்சான்னு வரிசையா எழுதணும். கழட்டின ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு மார்க் குறையணும். போல்ட்டே கழட்டாம கண்டுபிடிச்சவனுக்கு முழு மார்க். காரணம் சொல்லாம கண்டுபிடிச்சவனுக்குப் பாதி, ஏன்னா அது அதிர்ஷ்டம்.

இதுக்கு ஃபண்ட் இல்லன்னு சொல்ல முடியாது. டிபார்ட்மென்ட் டேக்கு அடிக்கிற ஃபிளெக்ஸ் காசு போதும். படகுல தேங்குற தண்ணியை வெளியேத்துற 12 வோல்ட் டயாஃப்ராம் பம்ப் ஒண்ணு. மூடி இறுக்கமா இருக்கிற ஒரு 20 லிட்டர் கேன். உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிய ஒளி ஊடுருவுற ஹோஸ் மூணு மீட்டர். ரெண்டு டக்பில் வால்வ், அதுல ஒண்ணு வேணும்னே குச்சி மாட்டினது. பழைய பைக் பேட்டரி. மல்டிமீட்டர் லேப்லயே இருக்கு. கழிவு வேண்டாம், கஞ்சித் தண்ணி போதும், ஹாஸ்டல் மெஸ்ல தினமும் வாளிக்கணக்குல கிடைக்கும். படம் வரைஞ்சு டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல கொடுத்திருக்கேன். இன்னும் பதில் வரல. ஜூனியர்ஸ் யாராவது தொடர்ந்து கேட்டா நல்லது, நான் மே மாசத்தோட கிளம்பிடுவேன். கேனோட மூடியில இருந்து போற வென்ட் குழாய்ல ஒரு சின்ன பால் வால்வ் வெச்சிருக்கேன் பாருங்க, அதை மட்டும் மேசைக்கு அடியில, எக்ஸாமினர் கால் பக்கத்துல மாட்டணும்.